மாமா செஞ்ச காரு!

விருதுநகரில் நல்ல எண்ணெய் புரோட்டா எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சாத்தூர் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எல்லாம் எந்தக் கடையில் நம்பி வாங்கலாம் என்பது அத்துப்படி. ஆனால் 'வீட்டில் செய்த காருக்கு நம்பர் எங்கே வாங்குவது?' என்று மட்டும் என்னிடம் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியோடு எட்டு மாதம் அலைந்தவன் நான்.

கேள்வியைக் கிளப்பியவர் என் தாய்மாமா. சிவகாசிப் பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். அச்சு மிஷினில் ரோலர் தேய்ந்தாலும் சரி, தீப்பெட்டி ஆபீஸில் மிஷின் மக்கர் பண்ணினாலும் சரி, 'அண்ணாச்சியைக் கூப்பிடு' என்பார்கள். வருஷம் முழுக்க நிற்க நேரமில்லாமல் ஓடுகிற ஊர், தீபாவளி முடிந்ததும் கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும். அப்படி உட்கார்ந்த ஒரு நாளில்தான் மாமாவுக்கு அந்த யோசனை வந்தது.

"ஜெர்மன்காரன் செஞ்ச மிஷினுக்கே நான் பார்ட்ஸ் கடைஞ்சு கொடுக்கேன். ஒரு காரு செய்ய முடியாதா எனக்கு?"

அத்தை அப்போதே தடுத்திருக்கலாம். "ஏதோ பட்டறையில கெடக்கட்டும், வீட்ல இருந்தா அடுப்படிக்கு வந்து குழம்புல உப்பு சரியான்னு பாப்பாரு" என்று விட்டுவிட்டார்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

மாமாவின் பட்டறைச் சுவரில் இரண்டே படங்கள். ஒன்று காமராஜர். விருதுநகரில் பிறந்தவர், ஆகவே அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு. 1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலைக்கு அடக்கிக் காட்டிய மனிதர். அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்காததால் அந்தக் கார் உற்பத்திக்கு வரவே இல்லை. இந்தக் கதையின் முதல் பாதி மாமாவுக்கு மனப்பாடம். இரண்டாம் பாதியை அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

*

பழைய இரும்புக் கடையில் ஒரு மாருதி 800 கிடந்தது. உடம்பெல்லாம் துரு. ஆனால் 796 சி.சி. என்ஜின் மட்டும் 'இன்னும் என்னை அடக்கம் பண்ணிடாதீங்க' என்று கெஞ்சியது என்பார் மாமா. என்ஜின், கியர் பாக்ஸ், ஸ்டியரிங், முன் சக்கரத்து சாமான்கள் எல்லாவற்றையும் எடைக்கு எடை போட்டு வாங்கி வந்தார். ஸ்கொயர் பைப்பில் சேஸிஸ் கட்டினார். தகடு வளைத்தார். பட்டி பார்த்தார், தேய்த்தார், மறுபடி பட்டி பார்த்தார். இரண்டு சீட்டு. அதில் ஒன்று அத்தைக்கு. முழங்கால் வலியால் பஸ் படி ஏற முடியாத அத்தைக்காக, அந்தப் பக்கத்துக் கதவை மட்டும் அகலமாக வைத்து, சீட்டை ஒரு சாண் வெளியே இழுக்கிற மாதிரி செய்திருந்தார். உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, சீட்டைத் தள்ளினால் போதும். கிரீச்சென்று ஒரு சத்தம் கிடையாது.

இரண்டு தீபாவளி போயிற்று. மூன்றாவது தீபாவளிக்கு முந்தின மாதம் வண்டி ஸ்டார்ட் ஆனது. பட்டறைப் பையன்கள் பத்தாயிரம் வாலா ஒன்றை வைத்தார்கள். நானும் போயிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்சம் தவளை ஜாடை. ஆனால் லட்சணமான தவளை.

"மருமகனே, நீ பி.காம். படிச்சவன். பத்திரிகையில எழுதுறவன். ஃபாரம் எல்லாம் உனக்குத்தான் வெளங்கும். நம்பர் வாங்குற வேலை உன்னோடது" என்றார் மாமா.

பி.காம். படித்தவனுக்கு எல்லா ஃபாரமும் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. நானும் தலையை ஆட்டினேன்.

*

முதலில் ஃபாரம் 20. பதிவுக்கான விண்ணப்பம். அதில் 'தயாரிப்பாளர் பெயர்' என்று ஒரு கட்டம். மாமா என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, தன் பெயரை இனிஷியலோடு எழுதினார். நிலப் பத்திரத்தில்கூட அவர் அவ்வளவு அழகாக எழுதியதில்லை.

அடுத்தது ஃபாரம் 21. விற்பனைச் சான்றிதழ். யார், யாருக்கு விற்றது?

"நான் எனக்கே வித்தேன்னு எழுது."

"அப்படி எழுத முடியாது மாமா. கடை முதலாளி தன் கடைச் சரக்கைத் தானே வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனா, அது விற்பனை இல்ல. கணக்குல அதுக்கு 'எடுப்பு'ன்னு பேரு."

"அப்ப 'எடுப்புச் சான்றிதழ்'னு ஒண்ணு அடிச்சிரு. எத்தனை காப்பி வேணும்?"

சிவகாசிக்காரரிடம் இதுதான் சிக்கல். எதைக் கேட்டாலும் அச்சடித்துத் தரத் தயாராக இருப்பார்கள்!

மூன்றாவது, ஃபாரம் 22. புகை, பாதுகாப்பு, சாலையில் ஓடத் தகுதி எல்லாம் சட்டப்படி இருக்கிறது என்று தயாரிப்பாளர் தருகிற சான்றிதழ். 'தயாரிப்பாளர்தான் நானாச்சே' என்று மாமா அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மூன்று ஃபாரத்தையும் எடுத்துக்கொண்டு, காரை ஒரு மினி லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி (நம்பர் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டினால் 5,000 ரூபாய் வரை அபராதம் என்று நான் பயமுறுத்தியிருந்தேன்), வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றுக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். அதனாலேயே பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

கவுன்ட்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"கம்பெனி பேரு?"

மாமா தன் பெயரைச் சொன்னார்.

"உங்க பேரு இல்லீங்க ஐயா, கம்பெனி பேரு."

மாமா மறுபடியும் தன் பெயரைச் சொன்னார்.

அந்த அம்மா ஸ்கிரீனை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு நீளமான பட்டியல். மாருதி இருக்கிறது, மகிந்திரா இருக்கிறது, டாட்டா இருக்கிறது. நாங்கள் கேள்வியே படாத கம்பெனியெல்லாம் இருக்கிறது. மாமா மட்டும் இல்லை. பட்டியலில் இல்லாத பெயரைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளாது. ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போன பிள்ளை மாதிரி நின்றார் மாமா.

*

பிரேக் இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது போர்டில் இருக்கிற பெயர். ஊருக்கு அவர் என்றைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். லாரி மேல் ஏறிக் காரைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். அத்தையின் சீட்டை இழுத்துத் தள்ளிப் பார்த்தார். இரண்டாம் தடவையும் இழுத்துத் தள்ளிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வேலை பிரமாதம். நெசமாச் சொல்றேன். ஆனா இதுக்கு என்னால நம்பர் கொடுக்க முடியாது."

"ஏன் சார்? ஏதாவது கொற இருந்தாச் சொல்லுங்க, சரி பண்ணிருதேன்."

"கொற கண்டுபிடிக்கிறது என் வேலையே இல்ல. புது மாடல் எதுவா இருந்தாலும், மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி அதோட மாதிரி வண்டியை அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்துல காட்டி சர்ட்டிபிகேட் வாங்கணும். புனேயில ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கு. நம்ம சென்னைப் பக்கம் ஒரகடத்துலயே ஒண்ணு இருக்கு. அங்கே பாஸ் ஆனாத்தான் பட்டியல்ல பேரு ஏறும். பட்டியல்ல ஏறினாத்தான் நான்."

மாமா முகத்தில் வெளிச்சம். "அவ்வளவுதானே? ஒரகடத்துக்குக் கொண்டுபோயிருவோம். என்ன பாப்பாங்க?"

இன்ஸ்பெக்டர் விரலை மடக்கினார். பிரேக், விளக்கு, கண்ணாடி, சீட் பெல்ட், ஏர்பேக், சத்தம். புகை என்றால் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6. (மாருதி 800 தயாரிப்பையே 2014-ல் நிறுத்தியாயிற்று. அதன் என்ஜினைக் கொண்டுபோய் பி.எஸ். 6 பரீட்சை எழுத வைப்பது, தாத்தாவைக் கொண்டுபோய் எல்.கே.ஜி.யில் சேர்ப்பது போல.) மாமா ஒவ்வொன்றுக்கும் 'செஞ்சிருவோம்' என்றார். கடைசி விரல் பாக்கி இருந்தது.

"அப்புறம் மோதல் சோதனை. புது மாடல் கார்களுக்கு 2017 அக்டோபர்ல இருந்து கட்டாயம். மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்துல வண்டி முகத்தைத் தடுப்புல கொண்டுபோய் மோத விடுவாங்க. பக்கவாட்டுல 50 கிலோமீட்டர் வேகத்துல இடிப்பாங்க. உள்ளே பொம்மை உக்காந்திருக்கும். பொம்மைக்கு என்ன ஆச்சுன்னு அளந்து பாப்பாங்க."

மாமா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "மோத விட்ட பிறகு காரு?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க ஊர்ல அணுகுண்டு வெடி செய்றாங்களே, அது நல்லா வெடிக்குமா, கை மேல வெடிக்குமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறாங்க?"

"ஒண்ணை எடுத்துக் கொளுத்திப் பாப்பாங்க."

"கொளுத்தினதை விக்க முடியுமா?"

"அது எப்படி? அது போச்சு. மத்ததை விப்பாங்க."

"காரும் அப்படித்தான் அண்ணாச்சி. ஒண்ணை ஒடைச்சுப் பாத்துட்டு மத்ததை விப்பாங்க."

மாமா ரொம்ப நேரம் தன் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கிட்ட மத்தது இல்லையே சார்."

*

இந்த இடத்தில் என் பி.காம். கொஞ்சம் உதவிக்கு வருகிறது. ஒரு மாடலைச் சோதித்துச் சான்று வாங்க ஒரு கோடி ரூபாய் செலவு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். லட்சம் கார் விற்கிற கம்பெனிக்குக் காருக்கு நூறு ரூபாய் விழும். டீ, வடைச் செலவு. ஒரே ஒரு கார் செய்கிற மாமாவுக்குக் காருக்கு ஒரு கோடி. நிலையான செலவு என்று வகுப்பில் படித்தோமே, அதுதான் இது. சட்டம் மாமாவுக்கு விரோதி இல்லை. சட்டம் எழுதினவர்கள், கார் செய்கிறவன் என்றால் ஒரு கம்பெனியைத்தான் நினைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் மாமா படவே இல்லை.

வீட்டுக்கு வந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். சந்து பொந்து ஏதாவது கிடைக்காதா?

கிடைத்தது. நாலு சக்கரத்துக்குக் குறைவாக இருந்து, என்ஜின் 25 சி.சி.க்கு மேல் போகாமல் இருந்தால், அது மோட்டார் வாகனமே இல்லையாம்! மாமாவிடம் சொன்னேன்.

"ஒரு சக்கரத்தைக் கழட்டிரலாமா?"

"கழட்டலாம். என்ஜின்ல 771 சி.சி.யையும் கழட்டணும்."

அடுத்த சந்து: 2021-ல் வந்த பழம்பெரும் வாகன விதி. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கென்று 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர் கொடுக்கிறார்கள். மாமா ஆர்வமாக, "அப்ப அம்பது வருஷம் நிறுத்தி வெச்சிருவோம்" என்றார். ஆனால் அந்த 50 வருஷத்தை முதன்முதலில் பதிவு செய்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். பதிவே ஆகாத வண்டிக்கு வயசே ஏறாது. மார்க்கண்டேயன்!

மூன்றாவது சந்து: தொழிற்சாலைக்குள்ளோ, அடைத்த காம்பவுண்டுக்குள்ளோ மட்டும் ஓட்டுவதற்கென்றே செய்த தனி வகை வண்டி என்றால் அதற்கும் மோட்டார் வாகனச் சட்டம் கிடையாது. மாமாவின் சிநேகிதர் ஒருவர் பட்டாசு ஆலை வைத்திருப்பவர். "நம்ம ஆலைக்குள்ள ஓட்டுங்க அண்ணாச்சி, எடமாக் கெடக்கு" என்று உற்சாகமாக ஆரம்பித்தவர், பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். மருந்து புழங்குகிற இடம். ஆணி அடித்த செருப்பே உள்ளே வரக்கூடாது. செல்போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அங்கே போய், தீப்பொறியால் ஓடுகிற பெட்ரோல் என்ஜினா! உலகத்தில் எத்தனையோ ஊரில் காம்பவுண்டு இருக்கிறது. எங்கள் ஊர் காம்பவுண்டுக்குத்தான் இந்த விசேஷம்.

*

நாலாவது சந்து தானாகவே வீடு தேடி வந்தது. ஒரு புரோக்கர்.

"அண்ணாச்சி, எதுக்கு இந்த அலைச்சல்? பழைய மாருதியோட ஆர்.சி. புக்கு எங்கிட்ட இருக்கு. அந்த நம்பரை இதுக்கு மாட்டிருங்க. 'கொஞ்சம் ஆல்ட்ரேஷன் பண்ணிருக்கோம்'னு சொல்லிக்கலாம். எவன் கேக்கப் போறான்?"

எனக்கே ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. ஆனால் கம்பெனி கொடுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இங்கே திருத்தமா நடந்திருக்கிறது? மறுஜென்மம் அல்லவா எடுத்திருக்கிறது!

மாமா பேசாமல் இருந்தார். 'வேண்டாம்' என்று சொல்லாமல் இருந்தார் என்பதை நான் கவனித்தேன். மூன்று வருஷ உழைப்பு. விரல் நகத்தில் இன்னமும் போகாத பெயின்ட். அந்த மௌனத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

காபி கொண்டு வந்த அத்தைதான் பேசினார்கள். சத்தம் போடவில்லை.

"ஏங்க, உங்க தம்பி வேலை பாத்த செட்டுக்கும் லைசென்ஸ் இல்ல."

அந்த ஒரு வார்த்தைதான். புரோக்கர் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

சின்ன மாமாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசுவதில்லை. காட்டுக்குள் ஒரு தகரக் கொட்டகை. கணக்கு வழக்கு இல்லாமல் திரி வெட்டி, மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். 'எவன் கேக்கப் போறான்' என்றுதான் அந்த முதலாளியும் சொல்லியிருந்தான். ஒரு மத்தியானம் கொட்டகை போயிற்று. உள்ளே இருந்தவர்கள் போனார்கள். மஸ்டரில் பெயர் இல்லை. மஸ்டரே இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லை. நஷ்டஈடு யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாமல் அந்தக் குடும்பம் நின்றது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று, 'ஒரு கவர்மென்ட் ஆளாவது வந்து பாத்திருந்தா இப்படி ஆயிருக்குமா?' என்று கத்தியவர் இதே மாமாதான்.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்களே, அதற்கு அப்புறமும் எங்கள் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இத்தனை தூரம் விடவேண்டும் என்று விதி இருக்கிறதென்றால், அது யாரோ ஆபீஸர் பொழுது போகாமல் எழுதியது இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது.

ரோட்டிலும் அப்படித்தான். வடக்கே 'ஜுகாட்' என்று ஒரு வண்டி உண்டு. பம்ப்செட் டீசல் என்ஜினை மரச் சட்டத்தில் பூட்டி, முப்பது பேரை ஏற்றிக்கொண்டு போவார்கள். நம்ம சென்னை மீன்பாடி வண்டிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். விபத்து நஷ்டஈட்டு வழக்கு ஒன்றில், 'ஜுகாட்டும் மோட்டார் வாகனம்தான், பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் ஓடக் கூடாது' என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்புச் சொன்னது. பதிவு இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லையென்றால், எதிரே சைக்கிளில் வந்து அடிபட்டவனுக்கு ஒன்றும் இல்லை. நம்பர் பிளேட் என்பது வண்டிக்காரனுக்கு மட்டும் சொந்தமான தகடு இல்லை, எதிரே வருகிறவனுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

*

அப்படியானால் மாமா மாதிரி ஆட்கள் என்னதான் செய்வது?

2021 டிசம்பரில் மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்துப் பட்டறைக்காரர் ஒருவர், பழைய சாமான்களை வைத்து 60,000 ரூபாயில் ஒரு குட்டி ஜீப் செய்தார். கிக்கரை உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற ஜீப்! வீடியோ ஊரெல்லாம் பரவியது. ஆனந்த் மகிந்திரா அதைப் பார்த்துவிட்டு, 'இது விதிக்கு ஒத்து வராது, என்றைக்காவது அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள். அதை என்னிடம் கொடுங்கள், ஒரு பொலேரோ தருகிறேன்' என்றார். 2022 ஜனவரியில் சொன்னபடியே கொடுத்தும் விட்டார். பெரிய மனசுதான். மாமாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

"பொலேரோ எதுக்கு மருமகனே? நான் செஞ்சதுக்கு நம்பர் கொடுங்கன்னா, வேற எவனோ செஞ்சதைக் கொடுக்கிறாங்க!"

கோயமுத்தூர் கரிவர்தன் மாருதி 800 என்ஜினை வைத்தே ஒற்றை சீட்டு ரேஸ் கார் கட்டினார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர். எத்தனையோ பேர் அதில் ரேஸ் பழகினார்கள். ஆனால் அது ரேஸ் மைதானத்துக்குள்ளே. மைதானத்துக்கு மாமா ஆசைப்படவில்லை. அத்தையை ஞாயிற்றுக்கிழமை திருத்தங்கல் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறார்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு வீட்டில் கார் பூட்டுவது பழைய பைத்தியம். 1957-ல் வந்த 'லோட்டஸ் செவன்' காரை உதிரி சாமானாக வாங்கினால் விற்பனை வரி கிடையாது. ஆனால் 'எப்படிப் பூட்டுவது' என்ற குறிப்பைக் கூடவே கொடுத்தால் வரி உண்டு! கம்பெனிக்காரர் என்ன செய்தார் தெரியுமா? 'எப்படிக் கழற்றுவது' என்று ஒரு குறிப்பைக் கொடுத்தாராம். வாங்கியவர்கள் அதைத் தலைகீழாகப் படித்துப் பூட்டிக்கொண்டார்களாம். (சிவகாசியில் பிறந்திருக்க வேண்டிய மனுஷன்!)

இப்படிப்பட்ட ஒற்றைக் கார்களுக்கென்றே 1998-ல் அங்கே தனிச் சோதனை கொண்டுவந்தார்கள். 2009-ல் அதையே இன்னும் கறாராக்கினார்கள். சொந்த உபயோகத்துக்காக, சொந்தக் கையால் கட்டியது என்பதற்கு போட்டோவோடு ஆதாரம் காட்ட வேண்டும். கட்டணம் சில நூறு பவுன். பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட், விளக்கு, சத்தம், புகை எல்லாம் பார்ப்பார்கள். ஒரு உருண்டையை வைத்துக் காரின் வெளிப்பக்கம் முழுக்க ஒத்திப் பார்ப்பார்கள். உருண்டை படுகிற இடத்தில் விளிம்பு கூராக இருந்தால் ஃபெயில். தெருவில் போகிறவன் மேல் உரசினால் அவனைக் கிழிக்கக் கூடாது அல்லவா? ஆனால் காரை உடைக்க மாட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பழைய சாமான் கலந்து, வயசு சொல்ல முடியாத வண்டியென்றால் 'க்யூ' என்ற எழுத்தில் நம்பர் கொடுப்பார்கள்.

நம்ம சட்டத்திலும் 2019-ல் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறார்கள். வாகனத் துறையில் புது முயற்சியை, ஆராய்ச்சியை ஊக்குவிக்க, சில வகை வண்டிகளுக்கு மத்திய அரசு விலக்கு அளிக்கலாம் என்று ஒரு பிரிவு. ஆனால் அது டெல்லியில் திறக்கிற ஜன்னல். சிவகாசியிலிருந்து எட்டிப் பார்க்கிற உயரத்தில் இல்லை.

மாமாவுக்காக நான் கேட்பது விலக்கு இல்லை. அத்தை முன்னால் நின்று விலக்கு என்று எவன் கேட்பான்? பரீட்சை வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். கஷ்டமான பரீட்சையாகவே வையுங்கள். வேகத்துக்கு வரம்பு போடுங்கள், வருஷா வருஷம் வரச் சொல்லுங்கள், ஃபெயிலானால் திருப்பி அனுப்புங்கள். ஹாலுக்குள் விடவே மாட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒழுங்கான வாசல் இல்லாத இடத்தில்தான் புரோக்கர் சுவர் ஏறிக் குதித்து வருகிறான்.

*

கார் இப்போது எங்கே என்கிறீர்களா?

ஒரு பிரஸ் முதலாளியின் பேப்பர் கோடவுனில் இருக்கிறது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கேட். மருந்து, பட்டாசு எதுவும் பக்கத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நேரத்தில் மாமாவும் அத்தையும் அங்கே வருகிறார்கள். அத்தை சீட்டை இழுத்து, உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்து, தள்ளிக்கொள்கிறார்கள். மடியில் சேவுப் பொட்டலம். இரண்டு பேரும் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு கோடவுனை மூன்று சுற்றுச் சுற்றுகிறார்கள். ஆட்டுக்குட்டி கூட முந்திக்கொண்டு போகிற வேகம்.

போன வாரம் நானும் போயிருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் கேட் பக்கம் வரும்போது மாமா வண்டியை நிறுத்துகிறார். கம்பி வழியாக ரோட்டைப் பார்க்கிறார். வலது பக்க இண்டிகேட்டரைப் போடுகிறார். அது டிக் டிக் என்று கொஞ்ச நேரம் அடிக்கிறது. பிறகு அணைத்துவிட்டு, இடது பக்கம் திரும்பி மறுபடியும் உள்ளேயே வந்துவிடுகிறார்.

"ரோட்டுக்குத்தான் போகப் போறதில்லையே, இண்டிகேட்டர் எதுக்கு மாமா?" என்றேன்.

"நாளைக்கே நம்பர் குடுத்துட்டான்னு வையி. அன்னிக்கு மறந்துரக் கூடாதுல்ல!"